கிழித்தெறிய வேண்டிய தாள்: ஒட்டுத்துணிப் போர்வைகள் சொல்லும் வரலாறு

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும்தாம் நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. இவற்றைப் பொறித்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. பின்னால் வருபவர்கள் படிக்க வேண்டும் என்பதே அது. அப்படி எந்த நோக்கமும் இன்றி, வேலை முடிந்ததும் உருவி எறிவதற்கென்றே வெட்டப்பட்ட தாள் துண்டுகள் சில, முந்நூறு ஆண்டுகளாகத் துணிக்குள் ஒளிந்திருந்து இன்று சான்று சொல்கின்றன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளையே இங்குக் குறிப்பிடுகிறோம். அந்தத் தாள்கள் எதற்காக உள்ளே சென்றன, அவற்றை நாம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தாள் எதற்கு?

ஆங்கிலத்தில் குவில்ட் எனப்படும் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையே பஞ்சோ கம்பளியோ. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அவற்றை ஒன்றாகப் பிணைக்கிறது. மேல்துணி ஒரே துணியாகவும் இருக்கலாம். பல நூறு சிறு துண்டுகளை இணைத்ததாகவும் இருக்கலாம். நாம் பேச எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் வகையை.

சதுரங்களை இணைப்பது எளிது. அறுகோணத்தையோ சாய்சதுரத்தையோ இணைப்பது அவ்வளவு எளிதன்று. நெய்த துணியைப் பாவின் வழியிலோ ஊடையின் வழியிலோ இழுத்தால் அதிகம் நீளாது. குறுக்குச் சாய்வாக இழுத்தால் நெகிழ்ந்துவிடும். அறுகோணத்தின் ஆறு பக்கங்களில் நான்கேனும் இத்தகைய சாய்வில்தான் அமைகின்றன. மேலும் ஒவ்வொரு முனையிலும் மூன்று அறுகோணங்கள் வந்து கூட வேண்டும். ஒரு துண்டில் நூலளவு பிழை நேர்ந்தாலும் அடுத்தடுத்த துண்டுகளில் அது பெருகிப் போர்வை தட்டையாகப் படியாமல் மேடும் பள்ளமுமாக எழும்.

இதற்குக் கண்ட தீர்வே தாள். தேவையான வடிவில் தாளைத் துல்லியமாக வெட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடச் சற்றுப் பெரிதாகத் துணியை வெட்டி, அதன் ஓரங்களைத் தாளின்மீது மடித்துத் தற்காலிகமாக நூலோட்ட வேண்டும். இப்போது துணிக்குத் தாளின் உறுதி வந்துவிடுகிறது. இவ்வாறு செய்த இரு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, விளிம்போடு விளிம்பை மிக நுண்ணிய தையலால் இணைக்க வேண்டும். ஒரு துண்டின் எல்லாப் பக்கங்களும் அண்டைத் துண்டுகளோடு சேர்ந்தபின் அதன் தாளுக்கு வேலை இல்லை. நூலை உருவித் தாளையும் எடுத்துவிடலாம். அடுத்த துண்டுக்கு அதே தாளைப் பயன்படுத்தவும் செய்யலாம்.

இரண்டு எழுத்துகளும் ஓர் ஆண்டும்

இம்முறையில் தைத்து இன்றும் எஞ்சியுள்ளவற்றுள் 1718ஆம் ஆண்டின் பட்டுப் போர்வை மிகவும் புகழ்பெற்றது. பிரித்தானியத் தீவுகளின் குவில்ட் கலைஞர் சங்கம் 2000ஆம் ஆண்டில் அதனை வாங்கிப் பாதுகாத்து வருகிறது. ஆண்டு பொறித்த பிரித்தானிய ஒட்டுவேலைகளில் இதுவரை அறியப்பட்டவற்றுள் இதுவே மூத்தது. வடிவியல் கட்டங்களுக்கிடையே பூக்களும் பறவைகளும் விலங்குகளும் மனித உருவங்களும் துணித் துண்டுகளாலேயே அமைந்துள்ளன. ஆண்டோடு 'இ', 'எச்' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும் உள்ளன. முழுப்பெயர் இல்லை. பட்டின் பின்னே தாள்கள் அப்படியே இருக்கின்றன.

பட்டு வசதி படைத்தோர் துணி. அக்காலத்தில் அதற்கு இணையாக விரும்பப்பட்ட இன்னொரு துணி, நம் நாட்டிலிருந்து சென்ற சாயப் பருத்தி. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மைச் சரக்குகளுள் ஒன்று என்பதையும், புனித ஜார்ஜ் கோட்டை எழுந்ததே துணி வாணிகத்தை முன்னிட்டு என்பதையும் வாசகர்கள் அறிவார்கள். இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் இத்துணிகளை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அதன் விளைவாக, அச்சிட்டதும் தீட்டியதுமான இந்தியத் துணிகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு வருவது 1701 முதல் தடைசெய்யப்பட்டது. 1721இல் வந்த மற்றொரு சட்டம் சாயப் பருத்தியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் பெரும்பாலும் தடுத்தது. 1774 வரை இத்தடை நீடித்தது. வட இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் இந்தியச் சாயத்துணித் துண்டுகளை இணைத்துச் செய்த படுக்கை விரிப்பும் திரைகளும் உள்ளன. அவை 1708ஐ ஒட்டியவை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த ஆண்டு சரியெனில், முதல் தடைக்கும் இரண்டாம் தடைக்கும் இடைப்பட்ட காலம் அது. கையளவு துண்டையும் வீணாக்காமல் சேர்த்தது சிக்கனத்தால் மட்டுமன்று, அத்துணியின் அருமையாலும்தான் என்று கருத இடமுண்டு.

துணியிலிருந்து தாள், தாளிலிருந்து துணி

தாளும் அன்று மலிவான பொருள் அன்று. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஐரோப்பியத் தாள் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்தே செய்யப்பட்டது. தேய்ந்த சட்டையும் படுக்கை விரிப்பும் கந்தல் வாங்குவோரிடம் சென்று, ஆலையில் கூழாகித் தாளாக மாறின. இங்கிலாந்தில் தாளுக்கு விதித்திருந்த வரி 1861இல்தான் நீங்கியது. அதனால் ஒருபக்கம் எழுதிய தாளை எவரும் எளிதில் எறிந்துவிடவில்லை. பழைய கடிதம், கடைக்கணக்கு, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி ஏடு, செய்தித்தாள் எல்லாம் அறுகோணங்களாகின. ஒரு காலத்தில் துணியாக இருந்தது தாளாகி, அத்தாள் மீண்டும் துணிக்குள்ளேயே புகுந்தது.

இவ்வேலை பல வீடுகளிலும் நடந்தது. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் வாழ்ந்த சாட்டன் இல்லம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அவரும் அவர் தாயாரும் தமக்கை கசாண்ட்ராவும் சேர்ந்து தைத்ததாகக் கருதப்படும் சாய்சதுர ஒட்டுப்போர்வை அங்கே இருக்கிறது. 1811 மே 31 அன்று தமக்கைக்கு எழுதிய கடிதத்தில், ஒட்டுவேலைக்குத் துண்டுகள் சேர்க்க நினைவிருந்ததா என்று ஜேன் கேட்கிறார். அமெரிக்காவில் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் மகளிர் இதழ் 1835ஆம் ஆண்டில் அறுகோண ஒட்டுவேலையின் செய்முறையை வெளியிட்டது. வாய்வழியே தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற கலை அச்சிலும் ஏறத் தொடங்கிய காலம் அது.

முடிந்த போர்வை எதுவும் சொல்வதில்லை

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். நன்கு தைத்து முடித்த போர்வைகள் பலவற்றில் தாள் இல்லை. முறைப்படி உருவிவிட்டார்கள், அடித்துணியும் வைத்துத் தைத்துவிட்டார்கள். தாள்கள் மிகுதியாகக் கிடைப்பது முடிவுபெறாத போர்வைகளில்தான். கண் மங்கியோ, மணமாகிச் சென்றோ, இறந்தோ, ஆர்வம் குன்றியோ ஒருத்தி பாதியில் விட்டுச்சென்ற வேலை பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதன் பின்புறத்தைத் திருப்பினால் ஒரு கடிதத்தின் நடுவரி, ஒரு மளிகைக் கணக்கின் மூலை, ஒரு குழந்தை திரும்பத் திரும்ப எழுதிய எழுத்து ஆகியவை தெரிகின்றன. முழுமை பெற்ற படைப்பு அழகைத் தருகிறது. முழுமை பெறாதது செய்தியைத் தருகிறது.

இத்தாள்களைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. தாளில் 1798 என்று இருந்தால் போர்வை 1798இல் தைத்தது என்று கூறிவிட முடியாது. அந்த ஆண்டுக்கு முன் அத்துண்டு தைக்கப்படவில்லை என்பது ஒன்றே உறுதி. பழைய கடிதம் இருபது ஆண்டு பெட்டியில் கிடந்தபின் கத்தரிக்கோலுக்கு வந்திருக்கலாம். எனவே எல்லாத் தாள்களிலும் மிகப் பிந்திய ஆண்டு எதுவோ அதுவே முன் எல்லை. துணியும் இதே போன்ற சான்றைத் தரும். வில்லியம் பெர்க்கின் 1856இல் கண்டுபிடித்த செயற்கை ஊதாச் சாயம் ஒரு துண்டில் இருந்தால், அத்துண்டு அதற்கு முந்தியதாக இருக்க இயலாது. தாளும் சாயமும் ஒன்றையொன்று சரிபார்க்கும்போதுதான் காலக்கணிப்பு நிலைபெறுகிறது.

தாளை முழுவதும் படிக்க வேண்டுமானால் தையலைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அந்தப் பெண்ணின் வேலை அழிகிறது. பிரிக்காவிட்டால், மரக்கூழில் செய்த பிற்காலத் தாளாயின், அதிலுள்ள அமிலம் துணியை மெல்ல அரிக்கிறது. எதைக் காப்பது, எதை இழப்பது என்பது ஒவ்வொரு போர்வைக்கும் தனித்தனியே முடிவுசெய்ய வேண்டிய கேள்வி. தைத்தவளின் கையைவிடத் தாளின் எழுத்து உயர்ந்தது என்று எண்ணிப் பிரிக்க முற்படுவது, எழுத்து படித்த நம்மைப் போன்றோர்க்கு இயல்பாக வரும் ஆசை. அந்த ஆசையை ஐயத்தோடு நோக்குவதே முறை என்பது நம் கருத்து.

மரக்குடிலும் ஒரு புனைகதையும்

அமெரிக்காவில் 1860களில் 'மரக்குடில்' என்னும் வடிவம் பரவியது. நடுவே ஒரு சிறு சதுரம். அதனைச் சுற்றி, குடிலுக்கு மரம் அடுக்குவதுபோல, பட்டைப் பட்டையாகத் துணி. இதற்கு அடித்தளமாக ஒரு பழந்துணியை வைத்து, ஒவ்வொரு பட்டையையும் அதன்மேலேயே வரிசைப்படி தைத்து மடித்துச் சென்றார்கள். துண்டுகளைத் தனித்தனியே செய்து பிறகு இணைக்கும் தாள் முறையினின்று இது வேறுபட்டது. அடித்துணியை எடுப்பதில்லை, அது உள்ளேயே தங்கிவிடுகிறது.

இவ்வடிவத்தோடு பிணைந்த ஒரு கதை உலகெங்கும் பரவியுள்ளது. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்களுக்கு வழிகாட்ட, வீட்டு வேலியில் போர்வைகளைக் குறியீடாகத் தொங்கவிட்டார்கள் என்பதும், கறுப்பு நடுச்சதுரம் கொண்ட மரக்குடில் போர்வை அடைக்கலம் தரும் வீட்டைக் குறித்தது என்பதும் அக்கதை. 1999இல் வெளிவந்த 'ஹிடன் இன் ப்ளெயின் வியூ' என்னும் நூல் குவில்ட் குறியீடு பற்றிய பேச்சைப் பெரிதும் பரப்பியது. அந்நூலுக்கு அடிப்படை, சார்ல்ஸ்டன் நகரில் குவில்ட் விற்ற ஒரு பெண்மணி கூறிய குடும்பக் கதை. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. அடிமைகளாக இருந்தோரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 1936 முதல் 1938 வரை எடுத்த நேர்காணல்களில் இக்குறியீட்டைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை அவர்கள் சுட்டுகிறார்கள். மரக்குடில் வடிவம் பரவியதும் உள்நாட்டுப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

கதை உயர்ந்த உணர்வுடையது; அதில் ஐயமில்லை. தப்பியோடியவர்களின் துணிவும் அவர்களுக்கு உதவியவர்களின் துணிவும் மெய்யானவை. அவற்றுக்குச் சான்று வேண்டுமானால் அவர்களே எழுதிய வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. போர்வை சொல்லாததை அதன்மேல் ஏற்றிச் சொல்வது, போர்வைக்கும் அவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் குறையாகும். பெண்களின் கைவேலையை வரலாறாக மதிக்க விரும்பினால், கல்வெட்டுக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோலைப் போர்வைக்கும் வைக்க வேண்டும்.

ஐயாயிரத்து அறுநூற்று இரண்டு

சான்றைத் தானே எழுதிவைத்த ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டிக்கிள் 1863இல் ஒரு போர்வையை முடித்தார். நடுவில் பதின்மூன்று வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று கட்டம். ஆக 169 கட்டங்கள். ஒவ்வொன்றும் நாலரை அங்குலச் சதுரம். அவற்றுள் அமைந்த கோலங்கள் வெவ்வேறானவை. சுற்றிலும் முக்கோணக் கட்டங்களாலான கரை. ஒரு மூலையில், அது போர்க்காலம் என்பதையும் ஆண்டையும் துண்டுகள் 5,602 என்னும் எண்ணிக்கையையும் தம் பெயரையும் நூலால் எழுதினார். பெனிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இப்போர்வை ஒளியால் நலியாதிருக்க ஆண்டில் சில வாரங்களே காட்சிக்கு வைக்கப்படுவது வழக்கம். 1996இல் பிரெண்டா பாபடாகிஸ் இதன் கோலங்களை வரைந்து நூலாக்கியபின் பல நாடுகளில் இதனைப் பின்பற்றித் தைக்கத் தொடங்கினார்கள்.

அவ்வாறு தைப்போரில் பலர் நாடுவது அடித்தாள் முறை. மரக்குடிலின் வரிசைத் தையலையும் பழைய தாளையும் ஒன்றாக்கிய முறை என்று இதனைக் கூறலாம். கோலம் தாளில் கண்ணாடி பிம்பமாக, எண்ணிட்டு அச்சிடப்பட்டிருக்கும். தாளின் பின்புறம் முதல் துணியை வைத்து, இரண்டாம் துணியை அதன்மேல் முகத்தோடு முகம் வைத்து, அச்சிட்ட பக்கத்தைப் பார்த்தபடி கோட்டின்மேலேயே தையல் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். பிறகு கால் அங்குலம் விட்டு மிகுதியை வெட்டி, துணியைத் திருப்பித் தேய்த்து, மூன்றாம் எண்ணுக்குச் செல்ல வேண்டும். கூர்முனை நட்சத்திரங்களும் திசைகாட்டி வடிவங்களும் இம்முறையில் பிசகாமல் அமைகின்றன. தையலை நெருக்கமாகப் போடுவதால் அஞ்சல்தலை ஓரம்போலத் தாளில் துளைகள் விழுகின்றன. இறுதியில் எளிதாகக் கிழித்துவிடலாம்.

முற்றிலும் கிழித்துவிடுகிறார்கள் என்பதுதான் நாம் கருத வேண்டியது. கிழிக்காமல் விட்டாலும் அத்தாளில் இருப்பது கோலத்தின் அச்சு. தைத்தவரின் வீட்டுக் கணக்கோ கடிதமோ அன்று. முந்நூறு ஆண்டு கழித்து இன்றைய போர்வையைத் திருப்பிப் பார்ப்பவர்க்கு உள்ளிருந்து எந்தச் சான்றும் கிடைக்காது. இதனால்தான் முடித்த போர்வையின் பின்புறம் ஒரு சிறு துணியில் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதித் தைத்துவிடுமாறு குவில்ட் தைப்போர் ஒருவருக்கொருவர் வற்புறுத்துகிறார்கள். 1718இல் இரண்டு எழுத்துகள், 1863இல் முழுப்பெயர். நம் வீடுகளிலும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்புகள் இருக்கக்கூடும். அவற்றைத் தைத்தவர் பெயரைச் சொல்ல இன்று ஒருவரேனும் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நல்லது.