மாடப்பாவின் பாகு

நம்ம வேலைக்கு 'செஃப் டி பார்ட்டி'ன்னு பேரு. மாலத்தீவுல ஒரு ரிசார்ட் கிச்சன்ல இனிப்புப் பிரிவு என் பொறுப்பு. சாஸுக்கு ஒருத்தர், மீனுக்கு ஒருத்தர், இனிப்புக்கு ஒருத்தர்னு அடுப்படியைப் பிரிச்சு ஒழுங்கு பண்ணினவர் பிரெஞ்சுக்காரர் எஸ்காஃபியே. 1890-ல லண்டன் சவாய் ஹோட்டலுக்கு வந்தார். அங்கே பாடகி நெல்லி மெல்பாவுக்காகச் செஞ்சதுதான் பீச் மெல்பா.

மைசூர் அரண்மனையில சமைச்சவர் காகாசுர மாடப்பா. 1940 வரைக்கும் ஆண்ட நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலம். கடலை மாவு, சர்க்கரை, நெய் மூணையும் சேர்த்து ஒரு இனிப்பு செஞ்சார். ராஜா பேர் கேட்டதும் சட்டுனு 'மைசூர் பாக'ன்னாராம். குடும்பத்தார் சொல்ற கதை இது. கன்னடத்துல 'பாக'ன்னா சர்க்கரைப் பாகு.

பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும் மாவைத் தூவணும். காய்ச்சின நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். நுரைச்சு வந்தாத்தான் உள்ளே அந்தத் துளைகள் விழும். இறக்கத் தாமதிச்சா கல்லுதான் :-)

ஒண்ணுக்குப் பாடகி பேரு, இன்னொண்ணுக்கு ஊர் பேரு. சமைச்சவங்க பேரு ரெண்டுலயும் இல்லை. எஸ்காஃபியே 1903-ல சமையல் புத்தகம் போட்டார், பேரு நின்னுச்சு. மாடப்பா பேரைக் காப்பாத்தினது ஒரு கடை. சயாஜி ராவ் ரோட்டுல அவரோட வாரிசுகள் நடத்தற குரு ஸ்வீட் மார்ட்.

மெனு கார்டுல பிரிவு சமையல்காரன் பேரு எங்கேயும் வராது. மைசூர் போனா, முதல் துண்டை வாயில போடறதுக்கு முன்னாடி மாடப்பா பேரை ஒரு தடவை சொல்லிடுங்க மக்களே.