காந்தத் தனிமுனைத் தேடலும் இந்தியாவும்

ஒரு சட்டக் காந்தத்தை நடுவில் உடைத்தால் வடமுனை ஒரு துண்டிலும் தென்முனை மறு துண்டிலும் பிரிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு துண்டும் இரு முனைகள் கொண்ட முழுக் காந்தமாகிறது. பிரெஞ்சு அறிஞர் பீட்டர் பெரிகிரினஸ் 1269இல் எழுதிய கடிதத்திலேயே இதைப் பதிவு செய்துள்ளார்.

இதற்கான காரணம் 1820களில் தெளிவாகத் தொடங்கியது. காந்தத்துக்குள் நுண்ணிய மின்னோட்ட வளையங்கள் இருப்பதாக ஆம்பியர் கருதினார். ஒரு வளையத்தின் ஒரு முகம் வடமுனையாகவும் மறுமுகம் தென்முனையாகவும் செயல்படும். நாணயத்துக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்க முடியாதது போன்றதே இது. எலக்ட்ரான்களின் சுற்றியக்கமும் தற்சுழற்சியுமே காந்தத்தன்மைக்குக் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது.

ஆயினும் தனிமுனை இருக்கவே முடியாது என்று இயற்பியல் விதி எதுவும் தடுக்கவில்லை. 1931இல் பால் டிராக் இதைக் கணித முறையில் காட்டினார். அண்டத்தில் ஒரே ஒரு தனிமுனை இருந்தாலும், மின்னூட்டம் ஏன் எப்போதும் குறிப்பிட்ட அலகின் முழு மடங்காகவே காணப்படுகிறது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிடும்.

அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேகநாத் சாகா 1936இல் இதே முடிவை எளிய வழியில் பெற்றார். ஒரு மின்னூட்டத்தையும் ஒரு தனிமுனையையும் அருகருகே அசையாமல் வைத்தாலும் அவற்றின் புலத்தில் கோண உந்தம் உண்டு. அது இடைத்தொலைவைச் சார்ந்ததன்று. குவாண்டம் விதிப்படி அக்கோண உந்தம் குறிப்பிட்ட அளவுகளை மட்டுமே ஏற்கும் என்பதிலிருந்து டிராக்கின் நிபந்தனை கிடைக்கிறது. நியூட்ரான் இரு எதிர்முனைகளின் இணை என்ற சாகாவின் கருத்து நிலைக்கவில்லை. இந்த வழிமுறை நிலைத்தது. 1949இல் எச். ஏ. வில்சன் இதே வழியை வெளியிட்டபோது, சாகா தமது முந்தைய கட்டுரையைச் சுட்டிக்காட்டிக் குறிப்பு எழுதினார்.

தேடல் இந்தியாவில் நிலத்தடியிலும் நடந்தது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், 140 டன் எடையுள்ள உணர்கருவி 1980இல் இயங்கத் தொடங்கியது. புரோட்டான் சிதைவைக் காண அமைக்கப்பட்ட அக்கருவியின் தரவுகளில் தனிமுனைகளும் தேடப்பட்டன. எதுவும் அகப்படவில்லை. அவை எவ்வளவு அரிதாக இருக்க வேண்டும் என்ற வரம்பு 1984இல் வெளியிடப்பட்டது.

1982 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேராவின் கருவி, தனிமுனை கடந்ததைப் போன்ற ஒரு சைகையைப் பதிவு செய்தது. அது மீண்டும் தோன்றவில்லை. ஆகவே, தனித்த காந்தமுனை இல்லை என்று பாடநூல்கள் கூறுவது நிறுவப்பட்ட தேற்றம் அன்று. இதுவரை விதிவிலக்கு காணப்படாத ஓர் அனுபவ உண்மையே ஆகும்.