அலரி விதையும் கூட்டாய்வும்: பேராதனை சார்ந்த ஒரு வரலாற்று நோக்கு

பசுமைப் புரட்சி இலங்கையின் உலர்வலயக் கமக்காரனது குடிசைக்குக் கொண்டு சேர்த்த பொருள்களுள் பீடைகொல்லிப் போத்தலும் ஒன்றாகும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் அதனால் நஞ்சூட்டப்பட்டு வைத்தியசாலைகளை அடைகின்றனர் எனவும், அவருள் ஏறத்தாழ 1,000 பேர் இறக்கின்றனர் எனவும் ஜே. ஜெயரத்தினமும் பிறரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. வடக்கிலோ வேலியோரத்து மஞ்சள் அலரியின் விதையே உயிர் குடித்தது. இவ்வாறு நஞ்சுண்ட 170 பேரைப் பற்றிய யாழ்ப்பாண வைத்தியர்களின் ஆய்வு 1988இல் வெளிவந்தது. இச்சிக்கலைத் தனியொரு வைத்தியசாலையால் தீர்க்க இயலாது என்ற உணர்வு கூட்டாய்வாக உருப்பெற்ற வரலாற்றைச் சுருங்க நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒக்ஸ்போர்ட், கொழும்புப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர் அலரி நஞ்சுக்கு மாற்றாக டிஜொக்சின் எதிர்ப்பு மருந்து பயன்படும் என 2000ஆம் ஆண்டில் நிறுவினர். ஆயினும் அதன் விலை ஏழை நாடொன்றுக்கு எட்டாததாய் இருந்தது. 2002இல் அதன் வழங்கல் நின்றதும் இறப்புகள் மீண்டும் உயர்ந்தன. மருந்து உண்டு, வாங்க வழியில்லை என்னும் இம்முரண்பாடு விஞ்ஞானத்தினது அன்று, சந்தையினது.

மலிவான மாற்றாகக் கருதப்பட்டது செயலூட்டிய கரி. அலரி விதை உண்ட 401 பேரிடையே நடந்த ஆய்வொன்று, கரியைப் பலமுறை கொடுப்பதால் இறப்பு 8 வீதத்திலிருந்து 2.5 வீதமாகக் குறைவதாக 2003இல் கூறிற்று. ஆனால் மூன்று வைத்தியசாலைகளில், பெரும்பாலும் பீடைகொல்லியோ அலரியோ உட்கொண்ட 4,632 பேரை உள்ளடக்கி 2008இல் வெளிவந்த பேராய்வு, கரி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. இம்முடிவுகளின் முரண் பற்றிய விவாதம் எவ்வாறாயினும், பல வைத்தியசாலைகள் ஒரே முறையில் இணைந்து செயற்படாவிடின் இத்தகைய வினாவை எழுப்பவே இயலாது என்பது தெளிவு.

2004இல் பேராதனை மருத்துவபீடத்தைத் தளமாகக் கொண்டு தென்னாசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு தோன்றியது. கிராமப்புற வைத்தியசாலைகளில் இரவுபகலாகப் பணியாற்றிய ஆய்வு வைத்தியர்கள் நோயாளர் ஒவ்வொருவரது விபரத்தையும் ஒழுங்காகப் பதிந்தமையே இம்முயற்சியின் முதுகெலும்பு. அதன் பயனை 2005இல் வெளியான முடிவொன்று உணர்த்தும். எலிகளில் செய்த சோதனையைக் கொண்டு ஒரே நச்சு வகுப்பில் வைக்கப்பட்டிருந்த இரு பீடைகொல்லிகளுள், குளோர்பைரிபொஸ் உட்கொண்டோருள் 8 வீதத்தினரும் டைமெதோவேற் உட்கொண்டோருள் 23 வீதத்தினரும் இறந்தனர். எலி கூறாததை நோயாளர் கட்டில் கூறிற்று.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகமும் பேராதனையிலேயே உள்ளது. 1995இல் மிகக் கொடிய வகுப்பினவும் 1998இல் என்டோசல்பனும் தடைசெய்யப்பட்டிருந்தன. 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரகுவாட், டைமெதோவேற், பென்தியன் ஆகியனவும் படிப்படியாக நீக்கப்பட்டன. 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் பின்வந்த இரு தசாப்தங்களில் ஏறத்தாழ 70 வீதத்தால் வீழ்ந்தது. இதற்கு மாறாக, அனுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில் வீடுதோறும் பூட்டுடைய பெட்டிகள் வழங்கிச் செய்த சோதனை பயன் தரவில்லை என 2017இல் அறியப்பட்டது.

உயிர் காக்கும் பொறுப்பைக் கமக்காரனது பூட்டின்மேல் சுமத்துவதனாலன்றி, கொடிய நஞ்சைச் சந்தையிலிருந்தே அகற்றுவதனாலேயே பலன் விளைந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. நோயாளரின் துயரை முறையான சான்றாக்கி, அச்சான்றை அரசின் கொள்கையாக மாற்றுமிடத்தே மருத்துவ ஆய்வு தன் சமூகக் கடமையை நிறைவு செய்கின்றது எனலாம்.