வெங்காரம் தின்ற பன்னிரண்டு பேர்



உங்கள் வீட்டுத் தக்காளி சாஸ் பாட்டிலையோ பழ ஸ்குவாஷ் பாட்டிலையோ எடுத்து, பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். (கண்ணாடி வேண்டியிருக்கும். எனக்கும் வேண்டியிருக்கிறது.) ஐஎன்எஸ் 211 என்று போட்டிருந்தால் அது சோடியம் பென்சோயேட். 220 முதல் 224 வரை ஏதாவது எண் இருந்தால் சல்ஃபைட் வகை. இரண்டுமே பண்டம் கெடாமல் இருக்கச் சேர்ப்பவை. இந்த அளவு வரை சேர்க்கலாம், அதற்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த அளவை எப்படி முடிவு செய்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் முதல் அத்தியாயம் 1902-ல், அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் நடந்தது.

ஹார்வி வைலி 1844-ல் இண்டியானா மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தார், ஆனால் மனம் போனது வேதியியலில். பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துவிட்டு, 1883-ல் மத்திய விவசாயத் துறையின் தலைமை வேதியியலாளர் ஆனார்.

அன்றைய அமெரிக்கச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கிடையாது. பால் புளிக்காமல் இருக்க ஃபார்மலின் கலந்தார்கள். வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் வெங்காரம். பீரிலும் ஒயினிலும் சாலிசிலிக் அமிலம். டின்னில் அடைத்த பட்டாணி பச்சைப்பசேல் என்று தெரிய மயில்துத்தம். எதையும் லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆபத்து என்று யாராவது சொன்னால், நிரூபி என்பார் வியாபாரி. நிரூபிக்க யாரிடமும் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை எழுத வைலி 5,000 டாலர் கேட்டு, நாடாளுமன்றத்தில் வாங்கிவிட்டார். அடித்தளத்தில் ஒரு சமையலறையும் சாப்பாட்டு அறையும் ஏற்பாடு ஆயின. பன்னிரண்டு இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். பெரும்பாலும் அந்தத் துறையிலேயே வேலை பார்த்த குமாஸ்தாக்கள். மூன்று வேளைச் சாப்பாடு இலவசம். பதிலுக்கு வேறெங்கும் ஒரு வாய் சாப்பிடக்கூடாது. உடம்புக்கு ஏதாவது ஆனால் அரசு மீது வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். சம்பளம் போதாத வயதில் மூன்று வேளைச் சாப்பாடு என்றால் என்ன என்பது பழைய குமாஸ்தாக்களுக்குத்தான் புரியும்!

1902 டிசம்பரில் முதலில் வெங்காரத்தை எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் வெண்ணெயில் கலந்து வைத்தார்கள். பையன்கள் கெட்டிக்காரர்கள், சீக்கிரமே மோப்பம் பிடித்து வெண்ணெயைத் தொடுவதை விட்டுவிட்டார்கள். பிறகு பாலில், இறைச்சியில், காப்பியில் மாற்றி மாற்றி வைத்தும் இதே கதைதான். கடைசியில் ஒளிவுமறைவை விட்டுவிட்டு, சாப்பாட்டோடு விழுங்கும்படி கேப்ஸ்யூலாகவே கையில் கொடுத்தார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது அவர் கணக்கு வைத்த முறை. சாப்பிடும் முன் எடை, நாடித்துடிப்பு, உடல் சூடு மூன்றையும் குறிக்க வேண்டும். தட்டில் விழும் ஒவ்வொரு பண்டமும் நிறுத்து வைக்கப்பட்டது. உடம்பிலிருந்து வெளியேறுவதையும் சேகரித்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்காக எங்கே போனாலும் கையில் ஒரு பை. வரவும் செலவும் எழுதி இருப்புக் கட்டுவது போலத்தான் இது. ஒவ்வொருவருக்கும் முதலில் கொஞ்ச நாள் சுத்தமான சாப்பாடு, அப்புறம் மருந்து கலந்தது, மறுபடி சுத்தமானது. மூன்று காலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அளவு கூடக்கூட தலைபாரம், வயிற்றுவலி, பசியின்மை எல்லாம் வந்தன. வெங்காரத்துக்குப் பிறகு சாலிசிலிக் அமிலம், சல்ஃபைட், பென்சோயேட், ஃபார்மலின் என்று சில ஆண்டுகள் சோதனை தொடர்ந்தது. ஆட்களும் மாறினார்கள். திடகாத்திரமான வாலிபனுக்கே இப்படி என்றால் குழந்தைக்கும் முதியவருக்கும் என்ன ஆகும் என்பதே வைலியின் வாதம்.

ஒரு பத்திரிகை நிருபர் இவர்களுக்கு 'விஷப் படை' என்று பெயர் வைக்க, அது நாடு முழுக்கப் பரவியது. முதலில் சங்கடப்பட்ட வைலி, விளம்பரத்தின் பலனைப் பிறகு புரிந்துகொண்டார். ஊர் ஊராகப் பேசினார். பெண்கள் சங்கங்கள் அவர் பின்னால் நின்றன. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் நிலையைச் சொன்ன அப்டன் சின்க்ளேரின் நாவலும் அதே நேரம் வந்தது. 1906 ஜூன் 30 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

சட்டம் வந்ததோடு வைலிக்கு நல்ல காலம் வந்துவிடவில்லை. 1908-ல் நடந்த ஒரு கூட்டத்தில், டின் சோளத்தில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் போடுவது உடம்புக்குக் கெடுதல் என்று குறுக்கிட்டுச் சொல்லிவிட்டார். அதிபருக்கோ அவருடைய டாக்டர் தினமும் சாக்கரின் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்பவன் முட்டாள் என்று அதிபர் சீறினாராம்; வைலியே பின்னாளில் எழுதியிருக்கிறார். அடுத்து, வைலியின் முடிவுகளைச் சரிபார்க்க ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. தலைவர் ஐரா ரெம்சன். 1879-ல் சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டதே அவருடைய ஆய்வகத்தில்தான்! சிறிய அளவில் பென்சோயேட்டால் தீங்கில்லை என்று அந்தக் குழு சொன்னது. 1912-ல் வைலி ராஜினாமா செய்து, ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். 1930-ல், சட்டம் கையெழுத்தான அதே ஜூன் 30 அன்று காலமானார்.

வைலி சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. மருந்து சாப்பிடாத ஒரு குழுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. பத்து இருபது ஆண்டுகள் கழித்து வரும் கேட்டை இந்த முறை காட்டாது. வெங்காரத்தையும் ஃபார்மலினையும் பற்றி அவர் சொன்னது நின்றது; பென்சோயேட்டில் ரெம்சன் குழு சொன்னதே நின்றது.

மனிதரை மேசையில் உட்கார வைத்துச் சோதிப்பதை விட்டு, பின்னால் விலங்குச் சோதனைக்கு மாறினார்கள். 1954-ல் லேமன், ஃபிட்ஸ்ஹியூ என்ற இரண்டு அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் ஒரு வழி சொன்னார்கள். விலங்குக்கு எந்தக் கெடுதலும் செய்யாத உச்ச அளவைக் கண்டுபிடி. அதை நூறால் வகு. மனிதன் விலங்கைவிட நொய்ந்தவனாக இருக்கலாம் என்று ஒரு பத்து, மனிதருக்குள்ளேயே பலவீனமானவர் உண்டு என்று இன்னொரு பத்து. நகைக்கடனில் மார்ஜின் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே நூறு ரூபாய் நகைக்கு ஒரு ரூபாய்தான் கடன்! ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இன்று உலக அளவில் நிர்ணயிப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

1958-ல் அமெரிக்கச் சட்டம் இன்னொன்றையும் மாற்றியது. புதிதாக ஒரு பொருளை உணவில் சேர்க்க வேண்டுமானால், அது பாதுகாப்பானது என்று கம்பெனிதான் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். பாரம் சாப்பிடுகிறவன் தலையிலிருந்து விற்கிறவன் தலைக்கு மாறியது. என்னைக் கேட்டால், வைலியின் ஐம்பது ஆண்டுச் சண்டையின் பலன் 1906 அல்ல, இதுதான். மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் வரவழைக்கும் எதையும் சேர்க்கக்கூடாது என்ற டிலேனி பிரிவும் அதே சட்டத்தில் வந்தது.

அந்தப் பிரிவில் போய் மாட்டிக்கொண்டது பழைய சாக்கரின்தான். எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் 1977-ல் அதைத் தடை செய்யப் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகள் பெரும் எதிர்ப்புக் காட்ட, நாடாளுமன்றம் தடையை நிறுத்தி, எச்சரிக்கை வாசகம் மட்டும் போடச் சொன்னது. எலிக்குக் கட்டி வந்த விதம் மனித உடம்பில் நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, 2000-ல் அந்த வாசகமும் நீக்கப்பட்டது.