ஆறு வயசு மூத்த கம்பனி: எயார் லங்காவும் எமிரேட்ஸும்

நம்ம பக்கத்துல யாராவது வெளிநாடு போறாங்கன்னா, ஹல்துமுல்லை சந்தியிலிருந்து ராத்திரியே வேன் கிளம்பிடும். பலாங்கொடை, இரத்தினபுரி தாண்டி விடியறதுக்குள்ள கட்டுநாயக்க போய்ச் சேரணும். டிக்கெட் எந்தக் கம்பனியுடையது என்று யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. ஏஜென்சி கொடுத்ததுதான் டிக்கெட். சிலருக்கு எமிரேட்ஸ், சிலருக்கு கட்டார் எயார்வேஸ், சிலருக்கு ஸ்ரீலங்கன்.

ஆனால் அந்த டிக்கெட்டுக்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கு மேலான ஒரு போட்டி இருக்கிறது. அந்தப் போட்டியில் நம்ம நாட்டுக் கம்பனி எப்படிப் பின்தங்கியது என்பது தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு. அந்த நட்டத்தில் நமக்கும் பங்கு வைத்திருக்கிறார்கள்.

இரவல் விமானத்தில் தொடங்கிய இரண்டு பேர்

இலங்கையின் முதல் தேசிய விமானக் கம்பனி எயார் சிலோன். 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மெட்ராஸுக்கு டக்கோட்டா விமானத்தில் தன் சேவையைத் தொடங்கியது. தூர நாடுகளுக்குப் பறக்க அதற்கு எப்போதும் ஒரு வெளிநாட்டுக் கூட்டாளி தேவைப்பட்டது. முதலில் ஆஸ்திரேலியன் நேஷனல் எயார்வேஸ், பிறகு நெதர்லாந்தின் கேஎல்எம், அதன் பிறகு பிரிட்டனின் பீஓஏசி, கடைசியில் பிரான்ஸின் யூடிஏ என்று கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 70களின் இறுதியில் எயார் சிலோன் மூடப்பட்டது.

அடுத்து வந்தது எயார் லங்கா. ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு 1979 ஜனவரியில் அதை அமைத்தது. செப்டம்பர் 1ஆம் திகதி, சிங்கப்பூர் எயார்லைன்ஸிடமிருந்து குத்தகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 விமானங்களோடு அது பறக்கத் தொடங்கியது. நிர்வாகம் சொல்லிக் கொடுத்ததும் சிங்கப்பூர்க்காரர்கள்தான்.

இதைப் பற்றி லீ குவான் யூ தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். முன்னேற்றத்தின் அடையாளமாக ஒரு விமானக் கம்பனி வேண்டும் என்று ஜயவர்தன கேட்டாராம். விமானக் கம்பனி நடத்த நல்ல நிர்வாகிகள் வேண்டும், உங்கள் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் நீர்ப்பாசனத்துக்கும் விவசாயத்துக்கும் வீடமைப்புக்கும்தான் முதலில் தேவை என்று லீ சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை. சரி என்று உதவினார்கள். கொஞ்ச காலத்திலேயே சிங்கப்பூரின் ஆலோசனையை மீறிக் கூடுதல் விமானங்கள் வாங்கப்பட்டதால், அவர்கள் விலகிக்கொண்டார்கள். ஏற்றிப் போகப் போதிய ஆட்களும் இல்லை, பழகிய ஊழியர்களும் இல்லை, கையில் காசும் இல்லை, ஆனால் சீட் மட்டும் பல மடங்கு கூடிவிட்டது என்பது அவருடைய கணிப்பு. 1984இல் எயார் லங்காவுக்கு போயிங் 747 கூட வந்தது. சில வருஷங்களில் அது கையை விட்டும் போனது.

இப்போது டுபாய் பக்கம் போவோம். 80களின் நடுவில் கல்ஃப் எயார் கம்பனி டுபாய்க்கான தன் சேவைகளைக் குறைத்தது. எல்லா நாட்டு விமானங்களுக்கும் டுபாய் கதவைத் திறந்து வைத்திருந்தது அதற்குப் பிடிக்கவில்லை. டுபாய் ஆட்சியாளர்கள் கதவை மூடாமல், சொந்தமாக ஒரு கம்பனி தொடங்கினார்கள். 1985 அக்டோபரில் எமிரேட்ஸின் முதல் விமானம் கராச்சிக்குப் பறந்தது. ஆரம்ப முதல் 10 மில்லியன் டொலர். விமானங்கள் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் எயார்லைன்ஸிடமிருந்து குத்தகைக்கு வந்தவை. அடுத்த வருஷமே கொழும்புக்கும் வந்துவிட்டார்கள்.

ஆக, ரெண்டு பேருமே இரவல் விமானத்தில் தொடங்கியவர்கள். ரெண்டும் அரசாங்கத்தின் கம்பனிகள். எயார் லங்கா ஆறு வயசு மூத்தது. 1998இல் அந்த மூத்த கம்பனியை நிர்வகிக்கும் பொறுப்பு எமிரேட்ஸின் கையில் ஒப்படைக்கப்பட்டது. எப்படி?

கொழுந்தும் சீட்டும்

விமானக் கம்பனியின் வியாபாரம் தேயிலைக்காரர்களுக்கு எளிதில் புரியும். பறித்த கொழுந்தைக் காலத்தோடு ஃபெக்டரிக்கு அனுப்பாவிட்டால் அது வீண். சீட்டும் அப்படித்தான். விமானம் மேலே கிளம்பிய நிமிஷத்தில் காலியாக இருக்கும் சீட்டை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. ஆனால் எரிபொருள், குத்தகை, சம்பளம் எல்லாம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே செலவு. அதனால்தான் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டுக்கு வேற வேற விலை. விமானம் நிறைந்திருந்தும் நட்டம் வருவது உண்டு, ஏன்னா மலிவு டிக்கெட்டாலேயே நிறைந்திருக்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போறவங்க சீட்டை நிரப்புவார்கள். ஆனால் கம்பனிக்கு நல்ல லாபம் தருவது மற்றவர்கள், அதாவது அதிக விலை கொடுக்கும் வியாபாரிகளும் உல்லாசப் பயணிகளும்.

எமிரேட்ஸின் உத்தி இங்கேதான் வேலை செய்தது. கொழும்பிலிருந்து டுபாய் ஏறக்குறைய நாலரை மணி நேரம். கொழும்பிலிருந்து ஒரு விமானம் கிளம்பினால் அதில் டுபாய்க்குப் போறவங்க மட்டும் இருக்கத் தேவையில்லை. லண்டன், பாரிஸ், பிராங்பர்ட், ரோம் என்று பத்து இருபது ஊர்களுக்குப் போறவங்களை ஒரே விமானத்தில் ஏற்றி, டுபாயில் இறக்கி, வேற வேற விமானங்களுக்கு மாற்றிவிடலாம். அதே நேரத்தில் கராச்சி, மும்பாய், டாக்கா விமானங்களும் அங்கே வந்து இறங்கும். எந்த ஒரு ஊரும் தனியாக ஒரு பெரிய விமானத்தை நிரப்பத் தேவையில்லை. எல்லா ஊரும் சேர்ந்து நிரப்பும்.

ஸ்ரீலங்கன் மாதிரி ஒரு கம்பனி கொழும்பிலிருந்து பாரிஸுக்கு நேராகப் பறக்க வேண்டுமென்றால், பாரிஸ் போகும் ஆட்களாலேயே அந்த விமானம் நிறைய வேண்டும். சின்னத் தீவு, அதிலும் யுத்தம் நடந்த தீவு. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அப்படியான நாட்டுக்கு உல்லாசப் பயணிகளை வரவழைப்பது லேசான வேலையில்லை.

இதை எமிரேட்ஸின் கெட்டித்தனம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இருப்பிடம் அவர்களுக்கு வாய்த்தது. விமான நிலையமும் கம்பனியும் ஒரே ஆட்சியின் கையில் இருந்தன. தொழிற்சங்கம் வைக்க முடியாத, ஆசியாவிலிருந்து வந்த உழைப்பாளிகள் அங்கே குவிந்திருந்தார்கள். அவர்களில் நம்ம தோட்டத்து ஆட்களும் உண்டு. டுபாய் வளர்ந்த கதையில் அவர்களுடைய வேர்வையையும் எழுத வேண்டும்.

1998: போட்டிக்காரரே முகாமையாளர்

1998இல் சந்திரிகா அரசு எயார் லங்காவின் 40 சதவீதப் பங்குகளை 70 மில்லியன் டொலருக்கு எமிரேட்ஸுக்கு விற்க உடன்பட்டது. பின்னாளில் அந்தப் பங்கு 43.63 சதவீதமானது. பாதிக்குச் சற்று மேல் அரசிடமே இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் உயிர்நாடி பங்கு இல்லை, பத்து வருஷ நிர்வாக உரிமை. எந்த விமானம் வாங்குவது, எங்கே பறப்பது, என்ன விலை வைப்பது எல்லாம் எமிரேட்ஸின் கையில். 1999இல் பெயரும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்று மாறியது.

இதில் ஒரு சிக்கல் இருப்பது யாருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பயணிக்காக ஸ்ரீலங்கனும் எமிரேட்ஸும் போட்டியாளர்கள். ஒரு கடையின் முதலாளி, எதிர்க் கடையையும் தானே நடத்திக் கொடுக்கிறேன் என்று வந்தால் எந்தக் கடையில் நல்ல சரக்கு இருக்கும்? அந்தச் சந்தேகம் அன்றே எழுந்தது. நியாயமான சந்தேகம்தான்.

ஆனால் நடந்ததையும் பார்க்க வேண்டும். பழைய ட்ரைஸ்டார்கள் போய், ஆறு புதிய ஏ330 விமானங்கள் வந்தன. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க மீது நடந்த புலிகளின் தாக்குதலில் ஸ்ரீலங்கனின் விமானங்களில் ஏறக்குறைய பாதி அழிந்தன அல்லது சேதமாயின. அடுத்த ரெண்டு மாதத்துக்குள் நியூயோர்க்கில் செப்டம்பர் 11. இந்த ரெண்டு அடியையும் தாங்கி அந்தக் கம்பனி எழுந்தது.

எழுந்த வழி முக்கியமானது. பெரிய நாடுகளோடு மோதாமல் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். இந்தியா தன் வானத்தை இலங்கைக்குத் தாராளமாகத் திறந்தபோது, சின்ன ஏ320 விமானங்களை வைத்துக்கொண்டு சென்னை, திருச்சி, திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூர் என்று தென்னிந்திய நகரங்களைக் கொழும்போடு கட்டினார்கள். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கோ, சிங்கப்பூருக்கோ போறவர் கொழும்பில் மாறிப் போகலாம். டுபாய் உலகத்துக்குச் செய்ததைக் கொழும்பு தென்னிந்தியாவுக்குச் செய்தது. இந்தியாவுக்குப் பறந்த வெளிநாட்டுக் கம்பனிகளில் அதிக சேவைகள் நடத்தியது ஸ்ரீலங்கன்தான் என்ற நிலையும் ஒரு காலத்தில் இருந்தது. நம்ம கொள்ளுத்தாத்தாக்கள் கங்காணி பின்னால் கப்பலேறிக் கடந்த அந்தச் சின்னக் கடல்தான், ஸ்ரீலங்கனுக்குக் கிடைத்த உண்மையான பலம்.

பிறகு வந்தது 2007 டிசம்பர். லண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் குழுவுக்கு இடம் கொடுக்க, ஏற்கெனவே காசு கட்டி சீட் எடுத்திருந்த பயணிகளை இறக்கிவிட ஸ்ரீலங்கன் மறுத்தது. சில நாட்களில் அதன் தலைமை நிர்வாகி பீட்டர் ஹில்லின் வேலை விசா ரத்தானது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று எமிரேட்ஸ் அறிவித்து, 2008 மார்ச் 31ஆம் திகதி நிர்வாகத்தை விட்டு வெளியேறியது. 2010இல் தன் பங்குகளை 53 மில்லியன் டொலருக்கு அரசிடமே விற்றது.

அந்த 2007/08 நிதியாண்டு லாபத்தில் முடிந்தது. அதுக்குப் பிறகு வந்த வருஷங்களில் பெரும்பாலானவை நட்டம்தான்.

நம்ம கைக்கு வந்த பிறகு

அரசு கையில் எடுத்ததால் நட்டம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூரும் எமிரேட்ஸும் அரசின் கம்பனிகள்தான். அதனால் அந்த விளக்கம் போதாது. என்னென்ன முடிவுகள் எடுத்தார்கள் என்று பார்ப்போம்.

2007இல் மிஹின் லங்கா என்ற மலிவுக் கட்டண விமானக் கம்பனியையும் அரசே தொடங்கியிருந்தது. ஸ்ரீலங்கனும் அரசுக்குச் சொந்தமான பிறகு, ஒரே முதலாளியின் ரெண்டு கம்பனிகள் ஒரே பயணியைத் தேடின. 2016இல் மிஹின் மூடப்பட்டு ஸ்ரீலங்கனோடு சேர்ந்தது.

2013 மார்ச்சில் மத்தள விமான நிலையம் திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 209 மில்லியன் டொலர், பெரும்பகுதி சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடன். நமக்கு அது கட்டுநாயக்கவை விட ஏறக்குறைய பாதி தூரம். கொஸ்லந்தை, வெல்லவாய வழியாக இறங்கினால் போதும். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவங்க நாம். ஆனால் அங்கிருந்து ஒரு விமானத்தை நிரப்பும் அளவுக்கு ஆள் இல்லை. ஸ்ரீலங்கனை அங்கே வற்புறுத்தி இறக்கினார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அது நின்றது. 2018இல் ஃப்ளைதுபாயும் போனது. இடையில் அங்குள்ள சரக்குக் களஞ்சியத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். விமான நிலையம் கட்டினால் பயணி வருவார் என்று நினைத்தது, ஃபெக்டரி கட்டினால் செடி முளைக்கும் என்று நினைத்த மாதிரி.

2013இல் ஆறு ஏ330-300, நாலு ஏ350 விமானங்களுக்கு ஓடர் போனது. ஏ350 ஓடரைப் பிறகு கைவிட்டு, அதற்கு நட்டஈடும் கட்ட வேண்டி வந்தது. 2016இல் பாரிஸ், பிராங்பர்ட் சேவைகளும் நின்றன. அந்தப் பயணிகளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை, டுபாயும் டோஹாவும்தான். 2020 ஜனவரியில், லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதாக எயார்பஸ் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டபோது, பட்டியலில் இருந்த கம்பனிகளில் ஸ்ரீலங்கனும் ஒன்று. ஒரு உயர் அதிகாரியின் மனைவிக்கு 2 மில்லியன் டொலர் கொடுத்தது அந்த ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது.

எந்த விமானம், எந்த ஊருக்கு, யாருக்காக என்ற மூன்று கேள்விக்கும் பயணியைப் பார்த்துப் பதில் சொன்ன காலத்தில் கம்பனி நிமிர்ந்தது. மேடையையும் கமிஷனையும் பார்த்துப் பதில் சொன்ன காலத்தில் விழுந்தது. வரலாற்றில் நாங்கள் வாசிக்கும் பாடம் இதுதான்.

தோட்டத்துக் கணக்கு

நிர்வாக ஒப்பந்தம் என்ற சொல் நமக்குப் புதிது இல்லை. 70களில் அரசு எடுத்த தோட்டங்களை 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு பங்குகளை விற்று, 53 வருஷக் குத்தகையாக்கினார்கள். காணி அரசுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு. லயத்துக் கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்று இன்றைக்கும் பதில் இல்லை. நிர்வாகத்தைக் கேட்டால் அரசாங்கம், அரசாங்கத்தைக் கேட்டால் நிர்வாகம். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோதும், பொறுப்பு யாருக்கு என்ற அதே கேள்விதான் எழுந்தது.

விமானக் கம்பனியிலும் அப்படித்தான். முடிவு எடுத்தவர்கள் மாறி மாறிப் போய்விட்டார்கள். கடன் மட்டும் தங்கியது. அரசு உத்தரவாதத்தோடு ஸ்ரீலங்கன் வெளியிட்ட 175 மில்லியன் டொலர் கடன் பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது கட்டக் காசில்லை. இலங்கை வங்கி, மக்கள் வங்கி ரெண்டுக்கும் அது கடனாளி. நாடு வங்குரோத்தானதற்கு இது மட்டும் காரணம் இல்லை. ஆனால் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று சொல்லி ஈபிஎஃப் பணத்தின் வருமானத்தில் கை வைத்தபோது, கொழுந்து பறிக்கும் அம்மாக்களின் சேமிப்பும் அதில் இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட விமானம் ஏறாதவர்கள் அவர்கள்.

2023, 2024இல் ஸ்ரீலங்கனை விற்க விலை கேட்டார்கள். ஆட்சி மாறியதும் விற்பனை இல்லை என்றார்கள். 'விக்கணுமா, வச்சிருக்கணுமா' என்ற சண்டையில் இளைஞர்கள் பலரும் ஏதாவது ஒரு பக்கம் நிற்கிறோம். எங்களுக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வழித்தடத்தை யார் தீர்மானிப்பார்கள்? அந்தக் கணக்கு வெளியே தெரியுமா? நட்டம் வந்தால் தீர்மானித்தவர் ஏதாவது இழப்பாரா, இல்லை மறுபடியும் ஈபிஎஃப் பக்கம்தான் கை நீளுமா? யார் கையில் இருந்தாலும் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட விடக்கூடாது.