மூடிய குப்பை நிலங்களும் சட்டமும்: லொஸ்கோ தரும் படிப்பினை

குப்பை கொட்டுதல் நின்றவுடன் அந்நிலத்தின் வரலாறும் முடிவுறுகின்றது என்றே சட்டம் நெடுங்காலம் கருதிவந்தது. இக்கருத்து யாருக்கு வாய்ப்பாக அமைந்தது என்பதை இங்கிலாந்தின் அனுபவங்கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

டேர்பிசயர் பகுதியிலுள்ள லொஸ்கோ ஒரு சிறு கிராமம். செங்கல்லுக்காகக் களிமண் அகழ்ந்தெடுத்த பெருங்குழியொன்று அங்கு குப்பையால் நிரப்பப்பட்டு 1982 இல் மூடப்பட்டது. 1986 மார்ச் 24 அதிகாலை, அதன் அயலிலிருந்த வீடொன்று வெடித்துத் தரைமட்டமாயிற்று. உள்ளிருந்த மூவர் படுகாயமுற்றனர். மண்ணுள் உக்கிய கழிவு மீதேன் வாயுவை இடையறாது வெளியிட்டுக்கொண்டிருந்தது. அன்றிரவு வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 7 மணிநேரத்தில் 29 மில்லிபார் வீழ்ச்சியுற்றபோது, நிலத்தடியிலிருந்த வாயு பாறைப் பிளவுகளினூடே வீட்டினுட் புகுந்தது. கொட்டுதல் நின்று நான்காண்டுகள் சென்ற பின்னரே இது நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1974 ஆம் ஆண்டின் மாசடைதற் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதிப்பத்திரம் பெற்றவர் தாம் விரும்பியபோது அதனை ஒப்படைத்து விலகிக்கொள்ள இடமளித்தது. கொட்டுங்காலத்து வருவாய் தனியொருவருக்கு. மூடியபின் எழும் ஆபத்தோ அயலவருக்கு. இதனை வெறும் சட்டக் குறைபாடென நாம் கொள்ளவியலாது. வருவாயைத் தனியுடைமையாக்கிச் செலவைச் சமூகத்தின் தலையிற் சுமத்தும் பொருளாதார உறவே இங்கு சட்ட வடிவம் பெற்றுள்ளது.

1990 ஆம் ஆண்டின் சூழற் பாதுகாப்புச் சட்டம் இவ்வழியை அடைக்க முயன்றது. நிலத்தால் இனித் தீங்கில்லை என அதிகாரசபை ஏற்றுச் சான்றிதழ் வழங்கினாலன்றி அனுமதிப்பத்திரத்தைக் கைவிட முடியாது என்றது. ஆயின் அவ்விதி 1994 மே 1 இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே அனுமதிப்பத்திரங்களை ஒப்படைத்து விலகிக்கொண்டோர் பலர். மூடிய நிலங்களைப் பரிசோதிக்கும் கடமையை அதிகாரசபைகளுக்கு விதித்த 61 ஆம் பிரிவு ஒருபோதும் நடைமுறைப்படுத்தப்படாது, 1995 இல் நீக்கப்பட்டது. 2000 இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த மாற்றேற்பாடு, மாசுபடுத்தியவரைக் கண்டறிய முடியாதவிடத்து நிலத்தின் உரிமையாளரையோ குடியிருப்பவரையோ பொறுப்பாளியாக்கக்கூடியது. பாதிக்கப்படுபவரே கடனாளியாகும் நிலை இதனால் உருவாகலாம்.

இவ்வகையில், 1999 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை ஒரு முன்னேற்றமே. மூடியபின் குறைந்தது 30 ஆண்டுப் பராமரிப்புக்கான செலவைக் கொட்டும் கட்டணத்திலேயே இயன்றளவு அடக்குமாறு அது பணித்தது. எனினும் 30 ஆண்டு என்பது சட்டத்தின் கணக்கு. உக்கும் கழிவு அக்கணக்கிற்குக் கட்டுப்படுவதில்லை.

எனவே, கொட்டும் காலத்திலேயே பராமரிப்பு நிதியைப் பெற்றுச் சமூகத்தின் பொறுப்பில் வைத்தலே நாம் முன்வைக்கும் கோரிக்கையாகும். அது நிறைவேறும்வரை, மூடுதல் என்பது கைகழுவுதலாகவே எஞ்சும்.