என் போனில் இருக்கிற பாட்டெல்லாம் ஊருக்கு வந்த வழி

இப்ப என்ன பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு என்னைக் கேட்டா ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. என் போன்ல ராஜரத்தினம் பிள்ளையோட தோடி இருக்கு. நாகூர் ஹனிபா இருக்கார். இளையராஜா நிறைய இருக்கு. பையன் ஏத்திக் கொடுத்த புதுப் பாட்டும் இருக்கு. கடைசியா பதினோரு நிமிஷம் ஓடுற ஒரு நடவுப் பாட்டு இருக்கு. அது எந்தக் கடையிலயும் கிடைக்காது. மோட்டாரைப் போட்டுட்டு வரப்புல உக்காந்திருக்கிறப்ப இதெல்லாம் மாத்தி மாத்தி ஓடும்.

இந்தப் பாட்டு ஒவ்வொண்ணும் எங்க ஊருக்கு வந்த வழி வேற வேற. எங்க ஊரு மன்னார்குடி பக்கம், வாய்க்கால் பாசன ஊரு. பாட்டு வந்த வழியை வரிசையா எழுதிப் பார்த்தா, யார் பாட்டை யார் கேட்டாங்க, யாருக்கு எங்க நிக்க இடம் இருந்துச்சுங்கிற கணக்கும் கூடவே வருது.

முதல்ல வந்தது இசைத்தட்டு. எங்க தாத்தா காலத்துல ஊருக்கே ஒரு கிராமபோன், அதுவும் மிராசு வீட்டுல. அந்தக் காலத்துத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் ஓடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கா வாசிக்கிறவர். 1947 சுதந்திரத்தப்ப டெல்லியில நாயனம் வாசிச்சவர். அவரோட தோடியையும் தட்டுக்குள்ள அடக்கித்தான் வித்தாங்க. சாமி புறப்பாட்டுல நாயனம் கேட்கணும்னா மேளம் வர்ற தெருவுல நிக்கணும். எல்லாத் தெருவுக்கும் சாமி போகாது. அதனால காதும் காதும் ஒண்ணா இருந்தாலும் எல்லாருக்கும் கேட்கலை.

அடுத்தது ரேடியோ. சென்னை நிலையம் 1938லயும் திருச்சி நிலையம் 1939லயும் ஆரம்பிச்சுது. அப்புறம் பஞ்சாயத்து ரேடியோ வந்துச்சு. சாயங்காலம் திறந்து வைப்பாங்க. செய்தி, விவசாய நிகழ்ச்சி, அப்புறம் பாட்டு. எங்க அப்பா ஆடுதுறை 27 நெல்லை 'ரேடியோ நெல்'லுன்னுதான் சொல்லுவார். 1960கள்ல அந்த ரகத்தைப் பத்தி தஞ்சாவூர் ஜில்லா விவசாயிங்க ரேடியோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதால அந்தப் பேரு. ஒரு நெல்லுக்கே பேர் வைக்கிற அளவுக்கு ரேடியோ வயலுக்குள்ள இறங்கியிருந்துச்சு.

எங்க ஊர்ல ரேடியோ இருந்த கட்டடம் மேலத்தெருவுல. தெற்குத்தெரு சனங்க வாய்க்கால் மதகுல உக்காந்து கேட்பாங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே அதைப் பார்த்திருக்கேன். இத்தனைக்கும் எங்க ஊர் வயல்ல பாடிக்கிட்டே நட்டது பெரும்பாலும் தெற்குத்தெருப் பொம்பளைங்கதான். பாடுறவங்க மதகுல, ரேடியோப் பெட்டி மேலத்தெருவுல.

அரசாங்க ரேடியோவுக்குன்னு ஒரு ருசி இருந்துச்சு. 1952ல செய்தி ஒலிபரப்பு மந்திரியா வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை மட்டம்னு நினைச்சவர். அவர் காலத்துல நம்ம வானொலியில சினிமாப் பாட்டு இல்லாமலே போச்சு. சனங்க சும்மா இருப்பாங்களா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போயிட்டாங்க. கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து தெள்ளத் தெளிவா வரும். 1957ல விவித பாரதி ஆரம்பிச்ச பிறகும் இலங்கை மவுசு குறையலை. மயில்வாகனம் குரலைப் பத்தி பெரியவங்க பேசுவாங்க. எங்க வயசுக்காரங்களுக்கு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். காலையில 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கிட்டேதான் பள்ளிக்கூடம் கிளம்புவோம். 1983 ஜூலையில கலவரச் செய்தி வந்தப்ப எங்க ஊர்ல பல பேருக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி மாதிரி இருந்துச்சு. அந்தக் குரல்காரங்க எப்படி இருக்காங்களோன்னுதான் டீக்கடையில பேசிக்கிட்டாங்க.

அப்புறம் மைக்செட். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுன்னாலும் தென்னை மரத்துல குழாயைக் கட்டிடுவாங்க. முதல்ல சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டு, அப்புறம் சினிமா. எங்க மாரியம்மன் திருவிழாவுல ஹனிபா பாட்டும் போடுவாங்க, யாரும் ஒண்ணும் சொன்னதில்லை. 1984ல 'விதி' படம் வந்த பிறகு அதோட வசன கேசட்டைப் போட்டுப் போட்டு, கோர்ட் காட்சி முழுசும் ஊருக்கே மனப்பாடம். குழாய் ஒரு விஷயத்தைச் செஞ்சுச்சு. ரேடியோ ரூமுக்கு வர முடியாதவங்க காதுக்கும் பாட்டு சமமாப் போச்சு. ஆள் தாண்ட முடியாத தெருவை சத்தம் தாண்டிடுச்சு.

1976ல 'அன்னக்கிளி' வந்துச்சு. அந்தப் படத்துப் பாட்டு குழாய்ல ஓடுனப்ப, வயல்ல நின்ன பொம்பளைங்க "இது நம்ம மெட்டால்ல இருக்கு"ன்னு சிரிச்சாங்களாம், அம்மா சொல்லுவாங்க. அடுத்து கூத்தாநல்லூர் பக்கம் சிங்கப்பூர், வளைகுடா போனவங்க டேப்ரெக்கார்டர் கொண்டாந்தாங்க. மன்னார்குடியில ரெக்கார்டிங் கடையில பாட்டுப் பேரைத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு வந்தா, அறுபது நிமிஷ கேசட்டுல பதிஞ்சு வச்சிருப்பாங்க. எந்தப் பாட்டுன்னு நாமளே முடிவு பண்ணினது அப்பதான் முதல் தடவை. கொல்லங்குடி கருப்பாயி, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி இவங்க நாட்டுப்புறப் பாட்டெல்லாம் எங்க வீட்டுக்கு கேசட்டாத்தான் வந்துச்சு.

ஆனா எங்க வயல் பாட்டு எந்தக் கருவியிலயும் ஏறலை. நடவுப் பாட்டு பொழுதுபோக்குக்குப் பாடுறது இல்லை. ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. பாட்டு வேகத்துக்குக் கை போகும், கால் பின்னால நகரும். பின்தங்குறவளைக் கேலி பண்ணவும் வரி இருக்கும். வயக்காரர் வரப்புல வந்து நின்னா அவர் பேரைச் சேர்த்து, வெத்தலை பாக்குக்குக் காசு கேட்டு ஒரு வரி வரும். நேர்ல கேட்க முடியாததைப் பாட்டுல கேட்டுடுவாங்க. வேலையும் கூலிப் பேச்சும் கலந்த பாட்டு அது. நடவு மெஷின் வந்து, பாய் நாத்தங்கால் வந்து, நேரடி விதைப்பும் வந்தப்புறம் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமப் போச்சு.

என் போன்ல இருக்கிற பதினோரு நிமிஷம் 2016 சம்பா நடவுல பதிஞ்சது. பாடினவங்க எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்க மூணு ஏக்கர்ல நட்டவங்க, அப்பவே எழுபது வயசு. முதல்ல அவங்க வீட்டுத் திண்ணையில உக்கார வச்சுத்தான் கேட்டேன். நாலு வரி பாடிட்டு நின்னுட்டாங்க. "குனிஞ்சாத்தான் தம்பி வருது. நிமிர்ந்து உக்காந்தா மறந்துபோவுது"ன்னாங்க. அதனால வயல்லயே பதிஞ்சேன். நடுவுல "நாத்து முடி போடுடி"ன்னு ஒரு குரல், தூரத்துல மோட்டார் சத்தம், சேத்துல கால் எடுக்கிற சத்தம் எல்லாம் அதுல இருக்கு. எனக்கும் ஒரு வரி வச்சாங்க, வெத்தலைக் காசு கொடுத்தேன். இப்ப முழங்கால் வலியால அவங்க வயலுக்கு வர்றதில்லை. அவங்க மருமக நடவுக்குப் போறாங்க. இடுப்புல செருகின போன்ல இளையராஜா பாடுவார், அவங்க நடுவாங்க.

பையன் ஏத்திக் கொடுத்ததுல 2021ல வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இருக்கு. அறிவு தன் பாட்டி கதையிலேர்ந்து எழுதினது. அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தவங்க. நாங்க பாட்டு கேட்ட அதே இலங்கைதான், ஆனா ரேடியோவுல எங்களுக்குக் கேட்காத சனம். சொந்தமா நிலமே இல்லாதவங்க மண்ணைப் பத்திப் பாடுறது. அதைக் கேட்டு முடிச்சதும் நான் நடவுப் பாட்டைப் போடுறது வழக்கம். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காருது.

உங்க ஊர்ல நடவு, களையெடுப்பு, தாலாட்டு, ஒப்பாரி எதுவாவது பாடத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா இந்தப் பருவமே பதிஞ்சு வைங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுப் பதியுங்க. பேரு, வயசு, எந்த வயல், எந்த வருஷம்னு பாட்டுக்கு முன்னால வாயாலேயே சொல்லிடுங்க, பின்னால தேடுறவங்களுக்கு உதவும். சுத்தி இருக்கிற சத்தத்தை வெட்டாதீங்க. பதிஞ்சதுல ஒரு பிரதியை அவங்க வீட்டுப் பிள்ளைங்க போன்ல ஏத்திக் கொடுங்க. நான் கொடுத்தேன். அவங்க பேத்தி அதைத்தான் ரிங்டோனா வச்சிருக்கு.